அலமாரிக்குப் பின்னால் ஒரு குருவி

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சமையலறை அலமாரிக்குப் பின்னாலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. பல் தேய்க்கும் பிரஷ் வாயில் இருக்க, அவர் அப்படியே அசையாமல் நின்றார்.

மறுபடி ஒரு 'கீச்'.

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. காரணம் இருந்தது. சபையின் போன் குழுவில் தினமும் ஆறு மணிக்குள் 'இன்றைய சிந்தனை' போடுவது அவருடைய ஊழியம். அன்றைக்குச் சிந்தனை எதுவும் வராமல், எழுந்ததிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மற்ற நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, 'இது தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்பதுதான் பிழைப்பு. சபையில் மட்டும் அவருக்குப் 'பாடம் அண்ணன்' என்று பெயர். பால் பொங்கி வழிந்தாலும் சரி, செருப்பு அறுந்தாலும் சரி, முதலில் ஒரு ஸ்தோத்திரம் சொல்வார். அடுத்த மூச்சில், "இதுல நமக்கு என்ன பாடம்னா..." என்று தொடங்கிவிடுவார்.

"இங்க வந்து கேளேன்" என்று மனைவியை எழுப்பினார்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மனைவி, நாள் முழுவதும் அடுத்தவர்களின் முனகலைக் கேட்டு நொந்தவள். வீட்டிலும் எதையாவது கேட்கச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. இருந்தாலும் வந்து நின்றாள்.

"கீச்."

"கேட்டுச்சா? குருவி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல கூடு கட்டியிருக்கு."

"எப்படிங்க உள்ள போச்சு? ஜன்னலெல்லாம் மூடியில்ல இருக்கு?"

"அதுக்கு வழி காட்டத் தெரிஞ்சவர் காட்டியிருப்பார்."

அந்த அலமாரி தரையிலிருந்து கூரை வரை உயரமானது. எட்டு மாதத்துக்கு முன்பு, அவர்கள் குடிவருவதற்காக, வீட்டுக்காரர் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, அதோடு சேர்த்து முடுக்கிவைத்தது. இரும்பு மாதிரி கனம். பக்கவாட்டில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். இருட்டுதான் தெரிந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குச் சிந்தனை போய்ச் சேர்ந்தது. 'எந்தக் குருவியையும் மறக்காதவர், என் சமையலறைக்கே ஒரு குருவியை அனுப்பி என்னை நினைப்பூட்டினார்' என்று எழுதியிருந்தார். வழக்கமாக நாலு பேர் கைகூப்பும் படம் போடும் குழுவில், அன்றைக்கு அறுபத்திரண்டு பேர் போட்டார்கள். எட்டு மணிக்கெல்லாம் போதகரே கூப்பிட்டார்.

"பிரதர், உங்க குருவி என்னை ரொம்பத் தொட்டுடுச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில பத்து நிமிஷம் பேசுறீங்களா?"

பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் அவர். போனைக் கீழே வைத்தபோது தலைகால் புரியவில்லை.

"ஞாயிறு வரைக்கும் அந்தக் குருவிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வீட்டில் அறிவித்தார்.

முதல் கட்டளை, அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது. அலமாரி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. சூடும் புகையும் குஞ்சுகளுக்கு ஆகாது.

"அப்ப சாப்பாடு?" என்றாள் மனைவி.

"ரைஸ் குக்கரை ஹால்ல வெச்சுக்கலாம். காலைல பிரெட்டும் பழமும். உடம்புக்கும் நல்லது."

"உங்க உடம்புக்கா, குருவி உடம்புக்கா?"

இரண்டாவது, சாப்பாடு. குருவிக்கு அரிசிக் குருணையை இடைவெளி வழியாகப் பொழிந்தார். புதன்கிழமை காலையில் குருணையைத் தேடி எறும்புகள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஊர்வலம். அலமாரியிலிருந்து கிளம்பி, சர்க்கரை டப்பாவில் இளைப்பாறி, ஹாலைக் கடந்து, மகளின் புத்தக மேசையில் போய் முடிந்தது.

மகளுக்குப் பள்ளியிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வேதியியல் புத்தகத்தை உதறிக்கொண்டே வந்து நின்றாள்.

"அப்பா, எறும்பு மருந்து எங்க?"

"மருந்தெல்லாம் போடக்கூடாது. குருவி தின்னுடுச்சுன்னா? எறும்பைப் பாரும்மா. எவ்வளவு சுறுசுறுப்பு. இதுல நமக்கு என்ன பாடம்னா..."

"எனக்கு இன்னிக்கு ஏற்கெனவே ஏழு பாடம் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

குருணை போட்டும் சத்தம் குறையவில்லை. விடிகாலையில் அதிகமாகவே கேட்டது. குஞ்சுகளுக்கு வேகவைத்த முட்டை நல்லது என்று எங்கேயோ படித்தார். அடுப்புதான் தடையாயிற்றே, மின்சாரக் கெட்டிலில் முட்டையை வேகவைத்தார். உதிர்த்து, மகளுடைய ஸ்கேலால் இடைவெளிக்குள் தள்ளினார். பாதி உள்ளே போனது. மீதி ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை போய் வந்தது.

"கீச், கீச்" என்றது அலமாரி.

"முட்டை பிடிக்கலையோ என்னவோ" என்று கவலைப்பட்டார்.

"அப்பா, நிஜமாவே அங்க குருவி இருக்கா? இதுவரைக்கும் ஒரு இறகுகூட நாம பார்க்கலையே" என்றாள் மகள்.

"பார்த்துட்டு நம்புறதுல என்னம்மா இருக்கு? கடைக்கு வர்றவங்ககிட்டத்தான் நான் 'தெரியுதா'ன்னு கேப்பேன். ஆண்டவர் அப்படிக் கேக்கறதில்லை."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"சரிப்பா. குருவி இருக்குன்னே வெச்சுக்குவோம். அதோட அம்மா எப்படி உள்ள வரும்?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னைத்தானே நொந்துகொண்டு, சமையலறையின் இரண்டு ஜன்னல்களையும் பின்கதவையும் அகலத் திறந்தார். கால் மணி நேரம் காத்திருந்தார். சத்தம் குறைந்தது. அரை மணி நேரத்தில் அடியோடு நின்றுபோனது.

"பார்த்தியா?" என்றார். "அம்மா வந்துட்டா. பசி அடங்கிடுச்சு. தூங்குது."

மகளும் இடைவெளியில் காதை வைத்துப் பார்த்தாள். சத்தம் நின்றது உண்மைதானே.

வியாழக்கிழமை திறந்த ஜன்னல் வழியாக முதலில் வந்தது அம்மாக் குருவி அல்ல, பக்கத்து வீட்டுப் பூனை. வரும் வழியில் மேடையிலிருந்த பால் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு, நேராக அலமாரிப் பக்கம் போய் இடைவெளியில் மூக்கை நீட்டியது. அவர் கையில் துடைப்பத்தோடு பாய்ந்து வந்தார். அதற்குள் பூனை ஒரு தும்மல் போட்டது, முகத்தைச் சுளித்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சிங்கங்களோட வாயைக் கட்டினவர் பூனையோட வாயைக் கட்ட மாட்டாரா? ஸ்தோத்திரம்."

"பாலைக் குடிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி கட்டியிருக்கலாம்" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் கடையிலிருந்து வருவதற்குள் மனைவி ஜன்னல்களைச் சாத்திவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது.

"கீச், கீச், கீச், கீச்."

"ஐயோ, பாவம். வழியை அடைச்சுட்டியே" என்று நனைந்த சட்டையோடு உள்ளே ஓடினார். ஜன்னல்கள் திறந்தன. சத்தம் சிறிது நேரத்தில் ஓய்ந்தது. மழை உள்ளே வந்தது. அரிசி டப்பாவில் இறங்கியது, மாவுப் பையில் ஊறியது, மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ள மனைவி இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சீருடையைத் துவைத்தே எடுத்தது.

"மழையை அவர் நல்லவங்களுக்கும் கெட்டவங்களுக்கும் ஒரே மாதிரிதான்..."

"அரிசி டப்பாவுக்கும்னு சேர்த்துக்குங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை நாற்றம் தொடங்கியது. காற்று நின்றபோதெல்லாம் அலமாரிப் பக்கத்திலிருந்து அழுகின முட்டை வாடை குப்பென்று வந்தது.

"நீங்க தள்ளின முட்டைதான்" என்றாள் மகள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

அவரும் ஒப்புக்கொண்டார். முட்டை விஷயத்தில் ஆண்டவரை முந்திக்கொண்டு நாம் ஓடக்கூடாது என்று அதிலும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். ஈரச் சீருடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததில் அவளுக்குத் தலைவலி. பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். ஜன்னல்களைச் சாத்தினாள். டீ பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

"ஒரே ஒரு டீ" என்றாள். "அஞ்சு நாளாச்சு. அந்தக் கெட்டில்ல முட்டை வாசம் போகவே மாட்டேங்குது. அடுப்புல போட்ட ஒரு டீ குடிச்சா குருவி செத்துடாது."

அவர் வாசற்படியில் நின்றார். தடுக்க அவருக்கு எந்த நியாயமும் தோன்றவில்லை. அவளுடைய முகம் வாடிப்போயிருந்தது.

"நீ சொல்றது சரிதான்" என்றார். "போடு. நான் உன்னை ரொம்பப் படுத்திட்டேன். எனக்கு... பதினோரு வருஷமா யாரும் என்னைப் பேசக் கூப்பிடல. கூப்பிட்டதே அந்தக் குருவியாலதான். அதான் கொஞ்சம் புத்தி பிசகிப்போச்சு."

அவள் லைட்டரை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அலமாரி மெல்ல ஒரு 'கீச்' சொன்னது.

அவள் பெருமூச்சு விட்டாள். லைட்டரை மேடையில் வைத்தாள். சாத்திய ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தானே திறந்தாள்.

"வாங்க, தெருமுனைக் கடையில டீ குடிக்கலாம். அவளையும் கூப்பிடுங்க. பாடம் மட்டும் வேண்டாம்."

மூன்று பேரும் போனார்கள். மழை விட்ட தெருவில் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கடை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிட்டார்கள். ஸ்கேலில் முட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்து வேதியியல் ஆசிரியை, 'இது எந்த அமிலம்?' என்று கேட்ட கதையை மகள் சொன்னாள். மனைவி சிரித்துப் புரையேறினாள். இப்படி மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை மாதமாயிற்று என்று அவர் எண்ணிப் பார்த்தார். சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். உள்ளுக்குள் மட்டும் ஒரு நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியதைச் சபை வெகுநாள் மறக்காது. எறும்பு வந்தது, பூனை வந்தது, மழை வந்தது, லைட்டரை ஒருத்தி தன் புருஷனுக்காகக் கீழே வைத்ததும் வந்தது. அந்த இடத்தில் பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் அந்தக் குருவியைப் பார்த்ததே இல்லை. ஆனா அது இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று முடித்தபோது, பத்து நிமிடம் இருபத்திரண்டு நிமிடமாகியிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர், நானும் வந்து அந்தக் குருவியைப் பார்க்கலாமா?"

அது நல்ல யோசனையாகப் பட்டது. தெரிந்த தச்சர் ஒருவரிடம், அலமாரியைப் பதமாக நகர்த்திக் கூட்டைப் பத்திரமாக எடுத்துத் தர முடியுமா என்று ஏற்கெனவே கேட்டிருந்தார். தச்சருக்கு ஞாயிறு மதியம்தான் ஒழியும். அதிகம் பேசாத மனிதர். வந்தார். உளியையும் கடப்பாரையையும் தரையில் வைத்தார். போதகர் குருவிக்காக ஜெபித்து முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜன்னல்கள் திறந்திருந்தும் அன்று மதியம் காற்றே இல்லை. சுவரில் முடுக்கியிருந்த திருகுகள் ஒவ்வொன்றாக வந்தன. நாலு பேர் சேர்ந்து அலமாரியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். மகள் ஒரு அட்டைப் பெட்டியில் பஞ்சு நிரப்பித் தயாராக வைத்திருந்தாள். நம்பாதவள்தான், ஆனாலும் வைத்திருந்தாள்.

பின்னால் குருணை கிடந்தது. காய்ந்துபோன முட்டை கிடந்தது. எறும்புகள் கிடந்தன. கூடு இல்லை. இறகு இல்லை. தரையை ஒட்டிச் சுவரில், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி மாட்டியிருந்தது. சுவருக்கு அடித்த பெயிண்டை அதற்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் சிவப்பாக ஒரு சிறிய விளக்கு மினுக்கியது.

"கீச்" என்றது பெட்டி.

போதகர் தொண்டையைச் செருமினார். மனைவி சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது.

தச்சர் மட்டும் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். மோப்பம் பிடிப்பது போல மூக்கை உறிஞ்சினார். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து பின்கதவு வழியாக வேகமாக வெளியே போனார். பாவம், உள்ளே நின்று சிரிக்க வெட்கப்பட்டுக்கொண்டு போகிறார் என்று பாடம் அண்ணன் நினைத்தார். அந்த நினைப்பில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஐயா" என்றார் போதகரிடம். "இருநூறு பேர் முன்னாடி ஒரு டப்பாவைப் பத்திப் பிரசங்கம் பண்ணிட்டேன். அடுத்த ஞாயிறு நானே எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டுடறேன். இனிமே சிந்தனை எழுதற வேலையும் வேற யாருக்காவது..."

"பிரதர், அவசரப்படாதீங்க" என்றார் போதகர்.

மகள் பஞ்சுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சு நல்லாத்தான்பா இருந்துச்சு" என்றாள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சரி, விடுங்க. குருவி இல்லைன்னு ஆயிடுச்சு. ஐயா வந்து இவ்வளவு நேரமாச்சு, நல்லதா ஒரு டீ போடறேன்." அவள் கை லைட்டரை எடுத்தது.

"அம்மா, அதைக் கீழ வைங்க."

பின்கதவில் தச்சர் நின்றிருந்தார். அதட்டவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அவள் உடனே வைத்துவிட்டாள். அவர் உள்ளே வந்து லைட்டரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெளிய சிலிண்டரை மூடிட்டேன்" என்றார். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கினார். சிலிண்டரிலிருந்து சுவர் வழியாக அலமாரிக்குப் பின்னால் வரும் குழாயின் இணைப்பில் அதைத் தடவினார். குழாயில் மிச்சமிருந்த வாயுவுக்கே நுரை மெதுவாக உப்பி, உடைந்து, மறுபடி உப்பியது.

"இது முட்டை நாத்தம் இல்லைங்க, கேஸ். இந்தப் பெட்டி கேஸ் கசிஞ்சா கத்தறதுக்கு வெக்கறது. நான் வேலை பார்த்த ஹோட்டல் சமையலறைகள்ல இருக்கும். தெருவே அலறுற மாதிரி கத்தணும். பெயிண்ட் அடிச்சவங்க வாயை அடைச்சதுல கீச்சுனு முனகிட்டு இருந்திருக்கு." அவர் நிமிர்ந்து மூவரையும் பார்த்தார். "எத்தனை நாளா சத்தம் வருது?"

"ஏழு நாளா" என்றாள் மகள்.

"ஏழு நாளும் இந்த அடுப்பைப் பத்த வெக்கவே இல்லையா?"

"திங்கக்கிழமை காலைல ஒரு தடவை" என்றாள் மனைவி. "அதோட சரி. இவர் விடல."

"ஜன்னல்?"

"புதன்கிழமையிலேருந்து சாத்த விடறதே இல்லை. மழையிலகூட."

தச்சர் நுரையைப் பார்த்தார், திறந்து கிடந்த ஜன்னல்களைப் பார்த்தார், சுவரோரம் சாய்ந்து நின்ற கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு கடப்பாரையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லவேளை சார், உங்க காதுல அது குருவியா விழுந்துச்சு."